பழசு என்றொரு பழுது இல்லை

2023 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, நாவலூரில் யூ-டர்ன் எடுக்கும்போது அப்பா புல்லட்டோடு விழுந்தார். மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆர். நடுவே தடுப்புகளை வைத்து, பழைய திருப்பங்களை மூடிப் புதிதாக எங்கெங்கோ திறந்துவிட்டிருந்த சமயம். எங்கள் அடுக்ககத்துக்கு வர அவர் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. வேகம் பத்துகூட இருந்திருக்காது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, முட்டியில் சிராய்ப்பு. பின்னால் வந்த கம்பெனி வேன்காரர் சரியான நேரத்தில் பிரேக்கை மிதித்தார். அவர் மிதிக்காமல் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாவுக்கட்டு போடும்போது அப்பா ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் முறுக்கலடா. திரும்புறப்போ அதுவே இழுக்குது."

நான் தலையாட்டினேன். அக்காவும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் அக்காவிடம் நான் சொன்னது இது: "வயசாயிடுச்சு. அவருக்கும், வண்டிக்கும்."

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. சொன்னவன் நான் என்பதால் முதல் குற்றவாளியும் நான்தான். ஆனால் நான் மட்டுமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "பழசாயிடுச்சு", "கார்புரேட்டர் ப்ராப்ளம்", "வித்துட்டு வேற வாங்குங்க" என்ற மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு, எதையும் கேட்காமலும் பார்க்காமலும் தொட்டுக்கூட அறியாமலும் தீர்ப்பு எழுதுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் பட்டம் வாங்கியவர்கள்தான் அதிகம்.

*

நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவன். தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆமாம், சாஃப்ட்வேரில் இருக்கிறேன். ஆட்டோமொபைல் தாளில் "ஒரு எளிய கார்புரேட்டர் இயங்கும் விதத்தைப் படத்துடன் விளக்குக" என்ற 16 மார்க் கேள்விக்குப் பென்சிலால் வெஞ்சுரி வரைந்து, ஃப்ளோட் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்து முக்கால்வாசி மார்க் வாங்கியவன். குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் போகும், அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் வழியாக உறிஞ்சி எடுக்கும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

ஆனால் அந்த நாலு வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு ஓடாத என்ஜினை என் முன்னால் வைத்து, "இது ஏன் ஓடவில்லை, கண்டுபிடி" என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் என்ஜின்கள் இருந்தன. எல்லாம் ஓடுகிற என்ஜின்கள். அளவெடுத்து, அட்டவணை போட்டு, கிராஃப் வரைந்து, கையெழுத்து வாங்கினால் முடிந்தது. பழுதைத் தேடுவது ஒரு பாடம் என்றே எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அது 'மெக்கானிக் வேலை'. அந்தச் சொல்லை நாங்கள் எந்தக் குரலில் உச்சரித்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு உள்ளூர்க் கேலியும் இருக்கிறது. அப்பாவின் 1996 மாடல் புல்லட் வடசென்னையில் திருவொற்றியூரில் செய்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை. அதில் இருக்கிற மிக்கார்ப் கார்புரேட்டர், ஜப்பானின் மிகுனியோடு கூட்டுச் சேர்ந்த யூகால் கம்பெனியின் தயாரிப்பு. அந்தக் கம்பெனி இருப்பது தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரில். வண்டி சென்னையின் ஒரு முனையிலிருந்து, கார்புரேட்டர் மறு முனையிலிருந்து. நான் வளர்ந்தது மேற்குத் தாம்பரத்தில். பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் செய்யப்பட்ட ஒரு சாமான், என் வீட்டு வாசலில் இருபத்தேழு வருடம் நின்ற சாமான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பென்சில் படம்தான்.

*

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் இங்கே முக்கியம்.

2022 டிசம்பர் வாக்கில் அப்பா முதல் புகாரைச் சொன்னார். தாம்பரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அவர் வரும் வழி மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அப்புறம் ஓ.எம்.ஆர். "மேடவாக்கம் வந்தா நின்னுடுதுடா. அஞ்சு நிமிஷம் கழிச்சு உதைச்சா ஸ்டார்ட் ஆகுது" என்றார். நான் சிரித்தேன். மேடவாக்கத்தில் வண்டிக்கு என்ன வேண்டுதலா? இன்னொரு நாள் சொன்னார்: "டேங்க் ஃபுல் பண்ணினா இன்னும் சீக்கிரம் நிக்குது." இதற்கும் சிரித்தேன். பெட்ரோல் நிறைய இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

அப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு லைன் எப்போது போகிறது, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, மழையிலா காற்றிலா என்று குறித்துவைத்தே முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் சொன்ன இரண்டு வாக்கியத்திலும் தூரம், நேரம், நிபந்தனை எல்லாமே இருந்தன. என் அலுவலகத்தில் எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு சுத்தமாக ஒரு பக் எழுதித் தந்ததில்லை. அதைத்தான் நகைச்சுவைத் துணுக்காக மாற்றி நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி கடைக்குப் போனது. எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லாக் கடையும் செய்வதைத்தான் அதுவும் செய்தது. முதல் தடவை கார்புரேட்டர் க்ளீனிங். இரண்டாம் தடவை கிட். மூன்றாம் தடவை ப்ளக்கும் காயிலும். நாலாம் தடவை டேங்க்கை இறக்கி, கார்புரேட்டரையே மாற்றி, புது ஆக்சிலேட்டர் கேபிளும் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம். "நிக்காம இருக்க ஐடிலிங் கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கோம் சார்" என்றார்கள். ஒருவரும் "எங்கே நிற்கிறது?" என்று கேட்கவில்லை. அதற்காக நான் பணம் கொடுக்கவுமில்லை.

வண்டி மேடவாக்கத்தில் நிற்பது நிற்கவில்லை. கூடவே இரண்டாவது புகார் சேர்ந்துகொண்டது. "திரும்புறப்போ இழுக்குது." மூன்று வாரம் கழித்து அவர் விழுந்தார்.

*

பழுது பார்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் "கார்புரேட்டர் ப்ராப்ளம்" என்று சொல்வது பழுதைக் கண்டுபிடிப்பது இல்லை. மருத்துவரிடம் போனால் "உடம்பு ப்ராப்ளம்" என்று அவர் சீட்டில் எழுதித் தருவது போன்றது அது.

இந்த மாதிரி ஸ்லைடு வைத்த கார்புரேட்டர் மிக நேர்மையான சாமான். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதற்குள் வேலை செய்யும் உறுப்பு மாறும். முறுக்காமல் விட்ட நிலையிலிருந்து ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட், நம் கடைகளில் ஸ்லோ ஜெட் என்பார்கள். கூடவே ஏர் ஸ்க்ரூ. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் இருக்கும் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிற எல்லை கத்தி வெட்டு மாதிரி இருக்காது, கொஞ்சம் கலந்துதான் இருக்கும். ஆனால் வரைபடம் இதுதான்.

ஆகவே முதல் கேள்வி "என்ன பண்ணுது?" கிடையாது. "எவ்வளவு முறுக்கினால் பண்ணுது?" என்பதே. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு பேப்பர் டேப், பக்கத்தில் அசையாத இடத்தில் கால், அரை, முக்கால் என்று கோடு போட்ட இன்னொரு துண்டு. ஐந்து ரூபாய்ச் செலவு. சிக்னலில் ஆஃப் ஆகிறது, முறுக்கிப் போனால் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட்டைப் பாருங்கள், மெயின் ஜெட்டை விட்டுவிடுங்கள். பாதி முறுக்கில் இருமுகிறது என்றால் நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முழுக்க முறுக்கினால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் மெயின் ஜெட், அல்லது பெட்ரோல் போதுமான வேகத்தில் வந்து சேரவில்லை.

இரண்டாவது கேள்வி, பெட்ரோல் கூடுதலா, குறைச்சலா? தொந்தரவு தருகிற நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் பற்றவில்லை. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். ப்ளக்கைக் கழற்றினால் அதுவும் சொல்லும். காய்ந்த கரி என்றால் அதிகம், வெளிறிப் போயிருந்தால் குறைவு. ஐடிலிங் தானாக ஏறி இறங்க மறுக்கிறது என்றால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே எங்கோ காற்று உள்ளே போகிறது. அந்த இடத்தில் கார்புரேட்டரை நூறு தடவை கழுவினாலும் பயன் இல்லை.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம், கார்புரேட்டர்தானா? பழைய மெக்கானிக்குகள் முதலில் பெட்ரோல் வருகிறதா பார்ப்பார்கள், அடுத்து ஸ்பார்க், அடுத்து பாயிண்ட், வால்வு. கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொடுவார்கள். புது மெக்கானிக்குகள் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள், ஏனென்றால் இரண்டு போல்ட்டில் கையோடு வந்துவிடும். பழுது இருக்கிற இடத்தில் தேடாமல் கழற்ற வசதியான இடத்தில் தேடுவது அவர்கள் பழக்கம் மட்டும் இல்லை. சர்வர் படுத்தால் முதலில் ரீஸ்டார்ட் பண்ணுகிற என் பழக்கமும்தான்.

*

விழுந்த பிறகு வண்டி ஆறு மாதம் எங்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்டில் கிடந்தது. விற்பது என்று முடிவெடுத்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார், பஸ்ஸில் போனார்.

2024 பிப்ரவரியில் செம்மஞ்சேரியிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். ஐம்பது வயது இருக்கும், சின்னதாகக் கடை வைத்திருப்பவர், பழைய வண்டிகளை வாங்கிச் சரிபண்ணி விற்பவர். பெட்ரோல் வாங்கி ஊற்றி, உதைத்து, ஐடிலிங்கில் ஓடவிட்டார். பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க ஒடித்தார். என்ஜின் சத்தம் மாறவில்லை. வலப்பக்கம் முழுக்க ஒடித்தார். என்ஜின் தானாகச் சீறியது. நேராக்கினார், அடங்கியது. மறுபடி வலப்பக்கம், மறுபடி சீறல்.

"கேபிள் யாரு சார் போட்டது?" என்றார்.

குனிந்து விரலால் காட்டினார். டேங்க்குக்கு அடியில் போகும் புதுக் கேபிளை, தொங்காமல் அழகாக இருக்கட்டும் என்று ஸ்டீயரிங் தலைக்குப் பக்கத்தில் ஃப்ரேமோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். நேராகப் போகும்போது பிரச்சினை இல்லை. வலப்பக்கம் ஒடித்தால் கேபிளுக்குத் தேவையான தளர்வு இல்லை. வெளி உறை இழுபட, உள் கம்பி ஸ்லைடைத் தூக்கும். ஓட்டுபவர் கை அசையாமலே வண்டி முறுக்கிக்கொள்ளும். பிடியில் கொஞ்சமாவது சும்மா ஆடும் இடம் விட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லை. கூடவே ஐடிலிங் வேறு ஏற்றிவைத்திருந்தது.

ஓ.எம்.ஆரில் யூ-டர்ன் எடுக்கிறவர் எந்தப் பக்கம் ஒடிப்பார்? வலப்பக்கம்.

"நான் முறுக்கலடா. திரும்புறப்போ அதுவே இழுக்குது."

இதைவிடத் துல்லியமாக ஒரு பழுதை எந்த என்ஜினியரும் எழுத முடியாது.

அவர் அதோடு நிற்கவில்லை. "வேற என்ன பண்ணுது?" என்றார். மேடவாக்கம் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தாம்பரத்துலேர்ந்து பத்து கிலோமீட்டரா? டேங்க் ஃபுல்லா இருந்தா முன்னாடியே நிக்குதா?" என்று கேட்டுவிட்டு டேங்க் மூடியைத் திறந்து, உள்பக்கத்தைப் பார்த்தார். "எப்போலேர்ந்து சார்? இந்த ரப்பர் யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். 2022 நவம்பர் மழையில் டேங்க்குக்குள் தண்ணீர் இறங்குகிறதோ என்று பயந்து, கடையில் ரப்பர் ஷீட் வாங்கி, மூடியின் அளவுக்கு வட்டமாக வெட்டி உள்ளே பொருத்தியவன் நான். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். துளையை அடைத்துவிட்டால் டேங்க்குக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காது. ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து சமநிலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். அப்புறம் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். டேங்க் நிறைந்திருந்தால் மேலே இருக்கும் காற்றின் அளவு குறைவு. அதனால் அழுத்தம் இன்னும் வேகமாக இறங்கும், வண்டி சீக்கிரமே நிற்கும். அப்பா சொன்ன இரண்டு 'நகைச்சுவை'யும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்.

சூடானால் காயிலோ கண்டென்சரோ மடங்கினாலும் வண்டி இதே மாதிரி நின்று, ஆறினதும் ஓடும். வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு வேலைதான். நின்ற அதே நிமிடத்தில் டேங்க் மூடியைத் திறந்து மூடி, உதைத்துப் பார்ப்பது. அதற்குக் காசு எதுவும் தேவையில்லை. மேடவாக்கத்தில் அப்பாவோடு ஒரே ஒரு நாள் நான் நின்றிருந்தால் போதும்.

அந்த மனிதர் ஏதோ கருணையால் இதையெல்லாம் சொல்லவில்லை. விலையைக் குறைக்கத்தான் ஒவ்வொரு குறையாகக் காட்டினார். நான் விற்கவில்லை என்றதும் எரிச்சலாகிவிட்டார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தபடியே போனார். வந்து பார்த்ததற்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். அந்த வண்டிக்கு நான் செலவழித்த பணத்திலேயே உருப்படியானது அதுதான்.

*

இனி மறுப்புகள். நண்பர்களிடம் சொன்னபோது வந்தவை.

முதல் மறுப்பு: "இதுக்குத்தான் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சே." வந்தாச்சு, நல்லதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய முடிந்துபோனது. குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, புகை குறைகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. கார்புரேட்டருக்கு ஆன்மா இருக்கிறது, இன்ஜெக்‌ஷனுக்கு இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில் காபி குடித்தபடி உருகுகிறவர்கள் மீது எனக்குக் கோபம்தான். ஃப்ளோட் சேம்பர் எந்தப் பக்கம் என்று தெரியாத காதல் அது. ஆனால் இன்ஜெக்‌ஷன் வந்தால் பழுதைத் தேடும் வேலை ஒழிந்தது என்பது பொய். கம்ப்யூட்டர் ஒரு கோடு காட்டும். "பெட்ரோல் குறைவாகக் கலக்கிறது" என்பது கோடு. ஏன் குறைகிறது? பம்ப்பா, இன்ஜெக்டரில் அடைப்பா, ரப்பரில் விரிசல் விழுந்து காற்று நுழைகிறதா? கோடு காட்டிய உறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற கடைகளும் வந்துவிட்டன. க்ளீனிங்கின் இடத்தில் இப்போது சென்சார், பில் மட்டும் பல மடங்கு.

இரண்டாவது மறுப்பு: "எல்லாம் எத்தனாலால வர்றது." 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் வரத் தொடங்கி, 2025-இல் நாடு முழுக்க அந்த இலக்கை எட்டியதாக அரசு அறிவித்தது. இதில் உண்மையான பிரச்சினை இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஆக, அதே ஜெட் வழியாக இந்தக் கலவை வந்தால் பழைய என்ஜினுக்கு எரிபொருள் குறைச்சலாகவே படும். ஆக்சிஜன் சென்சார் வைத்த புது வண்டி இதைக் கண்டுகொண்டு கூடுதலாகத் தெளிக்கும். கார்புரேட்டரின் ஜெட் பித்தளையில் போட்ட ஓட்டை, அதற்கு யோசிக்கத் தெரியாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். கடல்காற்று அடிக்கிற ஓ.எம்.ஆரில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதைக்கூடப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஃப்ளோட் சேம்பரின் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர் இருக்கிறது. சோக்கைத் தொட்டால் தேறுகிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எத்தனாலை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பார்க்காமல் சொன்னால் 'எத்தனால்' என்பதும் 'பழசு' என்பதன் இன்னொரு பெயர்தான். அந்தத் தீர்ப்பின் செலவு யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். எனக்கு வண்டியை விற்பது ஒரு சனிக்கிழமை வேலை. செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பழைய கார்புரேட்டர் வண்டியில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு எங்கள் அடுக்ககங்களுக்கு வருபவரிடம் "வித்துட்டு வேற வாங்குங்க" என்று சொன்னால், அது அவர் கையில் இருக்கும் வேலையைப் பிடுங்குவது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: "ஓட்டுறவர் சொல்றதெல்லாம் உண்மையா இருக்கணுமா?" இல்லைதான். 2009-10-இல் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய அமளி நடந்தது. லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நாசாவின் பொறியாளர்களை வைத்து விசாரித்து 2011-இல் அந்நாட்டு அரசு அறிக்கை வெளியிட்டது. மின்னணுக் கோளாறு எதுவும் சிக்கவில்லை. கால்மிதி விரிப்பில் பெடல் மாட்டிக்கொண்டதும், சில பெடல்கள் மேலெழாமல் ஒட்டிக்கொண்டதும் உண்மை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவர்களும் நிறையப் பேர். ஆக, சில சமயம் தவறு மனிதனுடையதுதான். ஆனால் அதைச் சொல்லும் முன் அவர்கள் கார்களைப் பிரித்தார்கள், பெடலை அளந்தார்கள், மென்பொருளை வரிவரியாகப் படித்தார்கள். தேடிய பிறகு மனிதத் தவறு என்றால் அது முடிவு. தேடாமல் சொன்னால் அது வெறும் வசதி. நான் என் அப்பாவை ஹேண்டில்பாரை ஒரு தரம் ஒடித்துக்கூடப் பார்க்காமல் குற்றவாளியாக்கினேன்.

நான்காவது மறுப்பை நானே எழுப்புகிறேன். கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமா? அவர் அரை மணி நேரம் வண்டியைக் கேட்டுக்கொண்டு நின்று, ஒரு பிளாஸ்டிக் டையை வெட்டிவிட்டு, "ஐந்நூறு ரூபாய் கொடுங்க" என்றால் நாம் கொடுப்போமா? "ஒரு டையை வெட்டினதுக்கு ஐந்நூறா?" என்போம். கார்புரேட்டரை மாற்றிப் பழையதைக் கையில் கொடுத்தால் நாலாயிரம் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு, யோசனைக்குக் கிடையாது. அப்புறம் அவர் பொருளைத்தானே விற்பார்? இதே நாம்தான் அலுவலகத்தில், சர்வர் ஏன் படுத்தது என்று யோசிப்பதற்கு மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறோம். அங்கே முதல் கேள்வி என்ன தெரியுமா? "கடைசியா என்ன மாத்தினீங்க?" பன்னிரண்டு வருடமாக வாரம் ஒருமுறை நான் கேட்கிற கேள்வி. வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து அதைக் கேட்டிருந்தால் ரப்பர் ஷீட் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். மாற்றியவன் நானே என்பதால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

*

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது வண்டி சரியில்லை என்றால் பார்ட்ஸ் பெயரைச் சொல்லும் முன் மூன்றைக் கேளுங்கள். எப்போதிலிருந்து? எந்த நிலையில்? அதற்கு முன்னால் எதை மாற்றினோம்? சொல்கிறவர் வயதானவராக இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள், ஏனென்றால் அவரை முன்பே பத்துப் பேர் கேட்காமல் விட்டிருப்பார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கிற மெக்கானிக் கிடைத்தால், எதையும் மாற்றாவிட்டாலும் காசு கொடுங்கள். என்ஜினியரிங் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு வகுப்பில் ஓடாத என்ஜின் ஒன்றை மாணவர்கள் முன் வையுங்கள். படம் வரையச் சொல்லாதீர்கள்.

டையை வெட்டி, கேபிளைத் தளர்வாக மாற்றி ஓட்டினேன். ரப்பரைப் பிய்த்து எறிந்தேன். ஐடிலிங்கை இறக்கினேன். அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவரைக் கீழே கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினேன். ரப்பர் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியை உதைக்கச் சொன்னார். பக்கத்தில் நின்றபடியே ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் ஒடித்தார், காதைச் சாய்த்துக் கேட்டார். ஏறவில்லை. லிஃப்ட் பக்கம் போய்விட்டார். அவர் மறுபடி ஓட்டவில்லை. அந்த மணிக்கட்டு இப்போதும் மழைநாளில் வலிக்கிறது.

அடுத்த மாதம் தாம்பரத்தில் டேங்க்கை நிரப்பி, நானே ஓட்டிக்கொண்டு நாவலூர் வந்தேன். வழியில் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"மேடவாக்கம் தாண்டிட்டியா?" என்றார்.

"சோழிங்கநல்லூர் வந்துட்டேன்ப்பா."

"சரி" என்று வைத்துவிட்டார்.